வாளித் தொழிற்சாலை விசாரணையும் ஆறு முன்பற்களும்

மாமனார் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு தொழிற்சாலையில் விபத்து விசாரணைக் குழுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாளி செய்யும் இடத்தில் அப்படி என்ன பெரிய விபத்து நடந்துவிடும் என்று யாராவது கேட்டால், அவர்கள் அவரிடம் அரை நாள் மாட்டியதில்லை என்று அர்த்தம். எந்த இயந்திரம் பழுதானாலும் அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டுவார். காரணம் முடிவாகும்வரை ஒருவரும் தொடக் கூடாது. காரணம் முடிவாவதற்குள் சில இயந்திரங்கள் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. அறிக்கைகளுக்கு மட்டும் ஒரு குறையும் வந்ததில்லை.

இன்று காலை அந்த டேப் மருமகளின் லேப்டாப்பைச் சுற்றி ஏறியது.

மருமகள் வீட்டிலிருந்தே செயற்கைப் பற்களை வடிவமைப்பவள். பல் மருத்துவர் அளவு அனுப்புவார். இவள் திரையில் பல்லைச் செதுக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவாள். அங்கே இயந்திரம் அதை அரைத்து எடுக்கும். ஒரு புதிய ஆய்வகம் அவளைச் சோதித்துப் பார்க்க முதல் வேலை கொடுத்திருந்தது. படியில் விழுந்து ஆறு முன்பற்களைப் பறிகொடுத்த ஒரு வக்கீலுக்கு, மறுநாள் அவர் கோர்ட்டில் வாய் திறப்பதற்குள் பல் வேண்டும். சாயங்காலத்துக்குள் கோப்பு வந்தால் இனி எல்லா வேலையும் இவளுக்கு. வராவிட்டால் வேறு ஆள். ஐந்து பற்கள் முடிந்திருந்தன. ஆறாவது பாதியில் நின்றது. எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்.

நடந்தது இதுதான். தன் பணி ஓய்வு விழா வீடியோவைப் பெரிய டீவியில் பார்க்க மாமனாருக்கு ஆசை வந்தது. டீவிக்குக் கரண்ட் வருவது அவரே கைப்பட ஸ்க்ரூ முடுக்கிச் செய்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து. அதன் பிளக்கில் மூன்றாவது கால் கிடையாது. சுவரில் நுழையவில்லை என்று ஒடித்துவிட்டார். எர்த் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் விற்பனைக்காகச் சேர்க்கும் அலங்காரம் என்பது அவர் கட்சி. டீவியும் ஓட, மருமகளின் லேப்டாப்பும் சார்ஜில் கிடக்க, இரண்டையும் இணைக்கும் கேபிளைக் கொண்டுபோய்ச் செருகினார். 'டப்'. ஒரு நீலப் பொறி. லேப்டாப் திரை இருண்டது. டீவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த நிமிடம் சாப்பாட்டு மேஜை விசாரணைக் கூடமாகிவிட்டது.

"சம்பவம் நடந்தப்போ நீ எங்க இருந்தே?" என்று மகனைக் கேட்டார்.

"குளிச்சிட்டு இருந்தேன்ப்பா."

"சாட்சி சம்பவ இடத்தில் இல்லை" என்றார் மாமனார். மகன் அவ்வளவு சந்தோஷமாக ஆபீசுக்குக் கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

அடுத்தது மாமியார். "நான்தான் பக்கத்துல நின்னேனே. டப்புன்னுச்சு. நீங்க ஐயோன்னீங்க."

"ஐயோங்கறது பதிவுல வேண்டாம்."

"அப்போ அம்மான்னு போட்டுக்கோங்க."

மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள். "மாமா, டேப்பை எடுத்தா நான் கொஞ்சம் பாத்துடுவேன். மெஷின் சாகல. ஃபேன் சுத்துது, கீபோர்டுல லைட் எரியுது, ஆன் ஆகுற சத்தம்கூடக் கேட்டுச்சு. டார்ச் அடிச்சும் பாத்தேன், திரையில படத்தோட நிழல்கூட இல்ல. கிராஃபிக்ஸ் சிப்தான் போயிருக்கு."

"நீ எப்போ டார்ச் அடிச்சே?"

"நீங்க டேப் தேடப் போனப்போ."

"சாட்சியத்தைக் கலைச்சிருக்கே" என்றார் வருத்தத்தோடு. "காரணம் தெரியாம ரிப்பேர்ல கை வைக்கிறது, நோய் தெரியாம ஆபரேஷன் பண்ற மாதிரிம்மா. எங்க ஃபேக்டரியில ஒரு தடவை கைப்பிடி அச்சு…"

"வாளிக்கு ஏதுங்க கிராஃபிக்ஸு?" என்றாள் மாமியார்.

மருமகளுக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். அந்த லேப்டாப்பில் படம் காட்ட இரண்டு பேர் உண்டு. பிராசஸருக்குள்ளேயே குடியிருக்கும் சின்னவன் ஒருவன். தனி சிப்பாக உட்கார்ந்திருக்கும் பெரியவன் ஒருவன். போன மாதம் 'வேகம் கூட்டித் தருகிறேன்' என்று மாமனார் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் புகுந்து, ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று ஆள் குறைப்பு செய்திருந்தார். சின்னவன் வீட்டுக்குப் போய்விட்டான். இன்று பெரியவன் செத்ததும் படம் காட்ட ஆளில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியையும், செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் காசு போன்ற குட்டி பேட்டரியையும் சற்று நேரம் கழற்றி வைத்தால், எல்லாம் வாங்கியபோது இருந்தபடி திரும்பிவிடும். சின்னவனும் வேலைக்கு வந்துவிடுவான் என்று, தயாரித்த கம்பெனியின் தளத்தில் போனிலேயே படித்துவிட்டாள். அரை மணி நேர வேலை. டேப்பை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கிருந்த சிக்கல் மின்சாரம் பற்றியதல்ல. காரணத்தைச் சொன்னால் ஒழிய டேப் வராது. உண்மைக் காரணமோ மேஜையின் தலைமாட்டில் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தது. தலைவரே குற்றவாளி என்றால் அவர் விலக வேண்டும். வேறு தலைவர் வர வேண்டும். அவருக்கு இவர் விளக்கம் எழுத வேண்டும். வக்கீல் பொக்கை வாயோடு மேல்முறையீட்டுக்கே போய்விடுவார்.

மதியம் தாண்டியது. மாமனார் எக்ஸ்டென்ஷன் பெட்டியை நான்கு திசையிலிருந்தும் போனில் படம் எடுத்தார். பிளக்கின் பக்கம் மட்டும் வெளிச்சம் போதவில்லை என்றார்.

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கென்னவோ தெருவுல இருந்து வர்ற கரண்ட்டு மேலதான் சந்தேகம்."

மாமனார் நிமிர்ந்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ரத்தம் வந்தது. "சொல்லு."

"திடீர்னு கூடியிருக்கும். நீங்க கேபிளை செருகுறதுக்கும் அது ஏறுறதுக்கும் சரியா இருந்திருக்கும்."

"அந்த ஒடிஞ்ச…" என்று வாயெடுத்த மாமியாரின் காலை மேஜைக்கு அடியில் மருமகள் அழுத்தமாக மிதித்தாள். மாமியார் அனுபவசாலி. "ஆமாங்க, லைட்டுகூட ஒரு மாதிரி மினுக்குச்சு" என்றாள், கண் இமைக்காமல்.

"அதை அப்பவே சொல்ல வேண்டாமா?"

"ஐயோல கவனம் போயிடுச்சுங்க."

மின்சாரம் ஆஜராகாத நிலையில் அதன்மேல் குற்றம் நிரூபிக்கப்பட்டது. ஆனால் மாமனார் டேப்பில் கை வைக்கவில்லை. "நீயும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லும்மா. மனுஷத் தவறு எதுவும் இல்லை."

மருமகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எந்த மனுஷத் தவறும் இல்லை மாமா" என்றாள், தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக. ஆறு பல்லுக்கு இது அதிக விலையில்லை.

டேப் கிழிந்தது.

அவள் அடிமூடியைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் பிரித்து வைத்தாள், காத்திருந்தாள், திரும்பப் பூட்டினாள். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே யோசித்தது. பிறகு ஒளி வந்தது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட சின்னவன் கோபதாபம் எதுவும் காட்டாமல் வந்து நின்றான். செத்த பெரியவனைத் தேடித் தேடி மெஷின் இடையில் உறைந்ததும், இனி அவனைத் தேடாதே என்று செட்டிங்கில் அவனை அணைத்து வைத்தாள்.

"பாத்தியா, காரணம் தெரிஞ்சதும் எப்படி ஓடுது!" என்றார் மாமனார்.

சின்னவனுக்கு முப்பரிமாணப் பல் பழக்கமில்லை. ஒரு பல்லைத் திருப்பச் சொன்னால் நின்று நிதானித்துத் திருப்பினான். ஓரத்தை இழைக்கச் சொன்னால் பெருமூச்சு விட்டான்; ஃபேன் அலறியது. அவள் திட்டவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருந்து, ஆறாவது பல்லை முடித்து, கடி சரியாக இருக்கிறதா என்று மேலும் கீழும் பொருத்திப் பார்த்து அனுப்பினாள். வெளியே வெயில் இறங்கியிருந்தது. ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"வந்துடுச்சு மேடம். அரைக்கப் போட்டாச்சு. நாளைக்கு ஒரு பல் பாலம் இருக்கு, எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறேன்" என்றாள். 

பிறகு லேப்டாப்பை அணைத்து மறுபடி எழுப்பி, நேராக பயாஸுக்குள் போய் என்னவோ தட்டினாள். பின்னாலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா போடறே?"

"பாஸ்வேர்டு மாமா. அரைகுறையாத் தெரிஞ்சவங்க யாராவது உள்ள புகுந்து செட்டிங்கை மாத்திட்டா?"

"நல்ல காரியம்" என்றார் மாமனார், ஆழ்ந்த திருப்தியோடு. "அந்த மாதிரி ஆளுங்களை வாசப்படியே ஏத்தக் கூடாது."