இன்னொரு தடவை

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள் என்று காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து செக்கிங் சாருக்கு ஒரே வேலைதான். கட்டில் ஓரத்தில் கிடந்த பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் திருகித் திருகிப் பழகினார். ரேசரின் காம்பு கிட்டத்தட்ட அதே தடிமன்தான். அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் மேலே இரண்டு இதழும் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் பிளேடை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதைப் பார்த்தால் குருடனுக்கும் புரியும். மூன்று மாதமாக அந்த ஒரே பிளேடுதான் தினமும் அவர் முகத்தில் ஓடுகிறது.

ஐயோ பாவம் என்று சொல்வதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். செக்கிங் சார் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம், ஓடுகிற பட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர். கீறல் இருந்தால் தள்ளு. குமிழி இருந்தால் தள்ளு. ஒன்றுமே இல்லையென்றாலும் சந்தேகத்துக்கு ஒன்றைத் தள்ளு. ஓய்வு பெற்று வரும்போது கடிகாரத்தையும் சால்வையையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கண்ணையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் தள்ளுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தாள், அவர் மனைவி.

கல்யாணமான மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அவருக்குச் சவரம். கொஞ்சம் சூடு தாங்கும் வெந்நீர், கிண்ணத்தில் வட்டச் சோப்பு, பத்து நிமிஷம் ஊறிய பிரஷ். இதெல்லாம் அவள் வேலை. நுரையை அவர் கண்ணெதிரில் கலக்க வேண்டும். கலக்கி முடித்ததும் அவர் ஒரு விரலால் நுரையைத் தொட்டுத் தூக்குவார். தூக்கிய இடத்தில் நுரை முனை மடங்காமல் நிற்க வேண்டும். மடங்கினால் போச்சு.

"இன்னொரு தடவை!"

கொட்டிவிட்டு முதலிலிருந்து. சில நாள் இரண்டு தடவை, சில நாள் நான்கு. ரொம்பக் கோபம் வந்தால் பிரஷைப் பிடுங்கி அவள் கன்னத்திலேயே அந்த நுரையை அப்பிவிடுவார். "இதையா என் மூஞ்சில பூசறது? உன் மூஞ்சில பூசிப் பாரு, தெரியும்." குழந்தையாக இருந்த மகளுக்கு அது பெரிய வேடிக்கை. அம்மாவின் வெள்ளை மீசையைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பாள். சொப்பு வைத்து விளையாடும்போது பொம்மையைப் பார்த்து, "இன்னொரு தடவை!" என்று அதட்டுவாள். வீடே சிரிக்கும். அதாவது அவரும் மகளும்.

ஒருநாள் அதிகாலை, மனைவியின் அம்மா போய்விட்டதாகச் செய்தி வந்தது. முதல் பஸ் ஆறரைக்கு. அவள் புடவை மாற்றிக்கொண்டு பையோடு நின்றாள். "சவரம் பண்ணாம எழவு வீட்டுக்கு வரச் சொல்றியா?" என்றார் அவர். அவளும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கலக்கினாள். கை நடுங்கினால் நுரை எப்படி நிற்கும்? இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை கண்ணீர் கிண்ணத்திலேயே விழுந்தது. இன்னொரு தடவை. ஆறரை பஸ் போய், ஒன்பது மணி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அவள் அம்மா முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் செக்கிங் சாருக்கு ஒரே பதில்தான் மனதில் இருக்கிறது. அன்றைக்கு நுரை நிஜமாகவே சரியில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, புதுப் பிளேடு போட்டு இடது கன்னத்தை முடித்து வலது கன்னத்துக்குப் போகும்போது கண்ணாடிக்கு முன்னாலேயே விழுந்தார். பக்கவாதம். பாதி சவரத்தோடுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது கை, வலது கால், முகத்தில் வலது பக்கம் எல்லாம் செத்துப்போயிற்று. கிள்ளினாலும் தெரியாது. பேச்சும் போயிற்று. எழுத்தும் போயிற்று. பென்சிலைக் கொடுத்தால் புழுப் புழுவாக எதையோ கிறுக்கினார். தலையாட்டச் சொன்னால், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டம்தான் வந்தது. உள்ளே புத்தி மட்டும் பளிங்காக இருந்தது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வெந்நீரோடு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவள் பயந்து பயந்து, பூப்போலத்தான் வழித்தாள். தாடை எலும்பு வளைகிற இடத்தில் லேசாக இழுத்துவிட்டது. மெதுவா என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு புரண்டது. அவருக்கே தூக்கிவாரிப்போட்ட மாதிரி, தெளிவாக, பழைய அதிகாரத்தோடு வந்தது:

"இன்னொரு தடவை!"

அவள் கை நின்றுவிட்டது. அவர் பதறிப்போய், இல்லை, அது இல்லை, நான் சொல்ல வந்தது வேறே என்று சொல்லப் பார்த்தார். "இன்னொரு தடவை. இன்னொரு தடவை." தண்ணீர் என்று கேட்டாலும் அதுதான் வந்தது. வேண்டாம் என்றாலும் அதுதான். அவருடைய மொத்தப் பேச்சிலும் மிஞ்சியது அந்த இரண்டு வார்த்தைதான்.

அவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"சரிங்க," என்றாள்.

அன்றிலிருந்து அவள் பிளேடு மாற்றவில்லை. நான்கு சவரத்துக்கு ஒரு பிளேடு என்பது அவர் போட்ட சட்டம். புதுப் பாக்கெட்டுகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. பழைய பிளேடு இப்போது வழிப்பதில்லை, பிடுங்குகிறது. வலது கன்னத்துக்குத் தெரியாது. அங்கே இரண்டே இழுப்பில் முடித்துவிடுவாள். இடது கன்னத்தில்தான் அவள் நிதானம். மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று, கீழிருந்து மேலே எதிர்முடியில் ஒன்று. இதுவும் அவர் போட்ட சட்டம்தான். கடைசியில் படிகாரக் கல்லை நனைத்து அழுத்தித் தேய்ப்பாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும்.

"வலிக்குதாங்க?" என்பாள் அக்கறையாக. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடுங்க. உடனே நிறுத்திடறேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். முடியாது.

"இன்னொரு தடவை!"

"நீங்க சொன்னா சரிதான்."

ஞாயிறு காலை ஐந்தரைக்கே மகள் வந்துவிட்டாள். வெளியூர் வேலை, பகல் வண்டிக்கே திரும்ப வேண்டும். பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இடது கன்னத்தைப் பார்த்ததும், "என்னம்மா இது, இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள். செக்கிங் சார் கன்னத்தை அவள் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினார். கேள்டி, இன்னும் கேள்.

"உங்கப்பா தோலு எப்பவுமே அப்படித்தானே," என்றாள் அம்மா. "ஒரு முடி மிஞ்சினா விட மாட்டாரு."

"அது சரி!" என்று மகள் சிரித்துவிட்டாள். "இன்னைக்கு நான் பண்ணிவிடறேன்ப்பா. அம்மா, நீ நகரு."

இதைவிட என்ன வேண்டும்? கடவுளே கண்ணைத் திறந்துவிட்டார் என்று அவர் நினைத்தார். மகள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நுரை கலக்கினாள். அம்மா வாசற்படியில் சாய்ந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பிரஷை எடுத்து அவர் முகத்தில் வட்ட வட்டமாகப் பூசினாள். பிறகு ரேசரை எடுத்தாள்.

அவர் இடது கையை நீட்டி லபக்கென்று ரேசரைப் பிடித்தார். பேனாவில் பழகியது வீண்போகவில்லை. குமிழைத் திருகினார். திரும்பியது. மேலே இதழ் இரண்டும் ஒரு நூல் திறந்தன. இன்னும் ஒரு திருகு, ஒரே ஒரு திருகு.

"அப்பா, கையைக் கிழிச்சுக்கப் போறீங்க!" மகள் ரேசரைப் பிடுங்கிக்கொண்டாள். உற்றுப் பார்த்தாள். "அட! லூஸா இருந்திருக்கு! அம்மா, இங்க பாரேன், ரேசர் லூஸா இருந்ததை அப்பா கண்டுபிடிச்சுட்டாரு! செக்கிங் சார்னா சும்மாவா!"

குமிழை இறுக்கித் திருகினாள். இதழ்கள் மூடிக்கொண்டன.

வைத்தாள் கன்னத்தில். பாசம் இருந்ததே தவிர அவளுக்கு அனுபவம் இல்லை. அம்மாவுக்காவது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். இவள் அழுத்தினாள். முடி வேரோடு வந்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். "இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணுமாப்பா?" என்று அவள் கோணத்தை மாற்றி இன்னொரு இழுப்பு இழுத்தாள். முகத்தைத் திருப்பினார். "ஆமா, இந்தப் பக்கம் விட்டுப்போச்சு," என்று அங்கேயும் இழுத்தாள். அந்த வீட்டில் அவர் கையை நீட்டினால் அது குறை சொல்வதற்கு. முகத்தைச் சுளித்தால் அதுவும் குறை சொல்வதற்கு. வாழ்நாள் முழுக்க அவரே சொல்லிக்கொடுத்த பாடம், மகள் மறக்கவில்லை.

வாயைத் திறக்கக்கூடாது, செத்தாலும் திறக்கக்கூடாது என்று இருந்தார். உதட்டுக்குக் கீழே பிளேடு மாட்டிக்கொண்டது. அவள் வெடுக்கென்று இழுத்தாள்.

"இன்னொரு தடவை!"

மகள் ஓவென்று அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். "அம்மா! அப்பா பேசறாரு! அப்படியே பழைய குரல்! அதே மாதிரி! ஏன்ம்மா இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலே? போனை எடு, வீடியோ எடு, சீக்கிரம்!"

அம்மா போனை வாங்கிப் பிடித்தாள். மகள் மறுபடி நுரை பூசினாள். மறுபடி மேலிருந்து கீழே. இடது காதுக்குக் கீழே ரத்தம் பொட்டாக வந்து, நுரையில் இறங்கி, கழுத்துக்கு வழிந்தது.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

"சரிப்பா! சரிப்பா! எத்தனை தடவை வேணும்னாலும்!"

அம்மா போனைக் கீழே இறக்கினாள். "போதும்டி," என்றாள் மெதுவாக. "தோலு உரிஞ்சுபோச்சு. விட்டுடு."

செக்கிங் சார் சட்டென்று அவளைப் பார்த்தார். அவர் சொல்வது என்ன என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் புரியும். அது இவள்தான். மகளுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. சொல்லிவிடு, நீயாவது சொல்லிவிடு என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கெஞ்சினார்.

"நீ சும்மா இரும்மா," என்றாள் மகள் சுள்ளென்று. "அவரே வாய்விட்டுக் கேக்கறாரு, உனக்கென்ன வலிக்குது? அவர் கேட்டதை ஒரு நாளாவது முகம் சுளிக்காமச் செஞ்சிருக்கியா நீ?"

அம்மா போனை மறுபடி தூக்கி, இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, போனில் தெரிந்த படத்தைத்தான் பார்த்தாள்.

பகல் வண்டிக்குப் போகுமுன் மகள் டாக்டரிடம் போனில் பேசினாள். வந்த வார்த்தையை விட்டுவிடக்கூடாது, தினமும் பேச வைக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற பேச்சும் வரலாம் என்றாராம். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா. தினமும் ஆறு மணிக்கு சவரம் பண்ணும்போது எனக்கு வீடியோ போடு. அவர் பேசாம நிறுத்தாதே. எப்படியாவது சொல்ல வை. செய்வியா?"

"செய்றேன்மா."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வந்தாள். போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். அதில் மகள், பல் தேய்த்துக்கொண்டே, "குட்மார்னிங்ப்பா!" என்றாள். அம்மா நுரையைக் கலக்கி, பிரஷின் நுனியால் தொட்டுத் தூக்கி அவரிடம் காட்டினாள். முனை மடங்காமல் நின்றது. அவ்வளவு நல்ல நுரையை அவர் முப்பத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

அவர் இடது கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார்.

"பாரும்மா, அப்பா அடம்பிடிக்கறாரு," என்றது போன்.

"சின்னப் பிள்ளை மாதிரி," என்று அவள் அந்தக் கையை எடுத்து, மெதுவாகக் கட்டில் விளிம்பில் வைத்து, தன் முழங்காலால் அமுக்கிக்கொண்டாள். நேற்றைய கீறல்களின் மேல் ரேசரை வைத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. மேலிருந்து கீழே முடிந்தது. குறுக்கே முடிந்தது. கீழிருந்து மேலே ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கப்பா, உங்களால முடியும்," என்றாள் மகள். "அம்மா, இன்னும் சொல்லலே. நிறுத்திடாதே."