வேர்க்கும் பெட்டி

இன்னாசிமுத்து வாத்தியார் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் பசுமலையே இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். காலமெல்லாம் வேதியியல் நடத்திய நாக்கு. ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். அன்று சாயங்காலம் கிறிஸ்துமஸ் குடில் பார்க்க வந்த, கோயில் பங்கின் அன்பியக் குழுப் பெண்களுக்கு அவர் குழந்தை இயேசுவைக் காட்டவில்லை. காகித மலைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரப்பெட்டியைக் காட்டினார். அதன் ஓரத்தில் பாதி அழிந்த சிவப்பு எழுத்தில் ஜெலிக்னைட் என்றிருந்தது.

மகன் ஜெரால்ட் சமயநல்லூரில், இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் வாங்கி வந்த பெட்டி. அந்த வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கிணற்றுக்கு வெடி வைத்தவராம். ஆணி அடித்து மூடியிருந்தது, நல்ல கனம். “மண்ணு கிண்ணு ரொப்பியிருப்பாங்க. மலை ஆடாது” என்று அப்படியே வைத்துவிட்டான். வாத்தியாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. வெடிப்பெட்டியில் ஆணியும் மண்ணும் போட்டு வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் ஏது?

“நைட்ரோகிளிசரினைக் களி மாதிரி கிண்டுனா அதுதாம்மா ஜெலிக்னைட். இப்ப குவாரில ஜெலட்டின்கிறாங்களே, அதுல அந்தச் சரக்கே கெடையாது, பேரு மட்டும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. பழசைத் தொட்டா ஒரு வாரத்துக்கு மண்டைக்குள்ள சித்திரைத் திருவிழாதான். வயசாயிட்டா அதுக்கு வேர்க்கும். வேர்த்துச்சுன்னா பக்கத்துல தும்மக்கூடாது. ஒருத்தன் தும்மி, உசிலம்பட்டிக் கெணறு தேனிக்குப் போயிருச்சு, நெசமாத்தான்!”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு, அறைக்குள் படுத்திருந்த அவர் மனைவி பாக்கியமேரி நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியபடி வந்தாள்.

“காலைலருந்து மண்டை தெறிக்குதுங்க. அந்தப் பெட்டில என்ன எண்ணெயத்தான் வச்சிருந்தாங்களோ, தொடைக்கத் தொடைக்கக் கசியுது.”

“வெறுங்கையாலயா தொடைச்ச?”

“பெறகென்ன, காலாலயா தொடைப்பாங்க?”

வாத்தியார் முழங்காலை மடக்கிக் குனிந்தார். பலகை இடுக்கில், மேலுதட்டு வியர்வை போலச் சின்னச் சின்னத் துளிகள். மூச்சை உள்ளுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, பூனைபோல் பின்வாங்கினார்.

“ஜெரால்டு, அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போ. பெட்டிக்குள்ள மண்ணு இல்லடா.”

ஜெரால்ட் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தெரியும்ப்பா, தேனிக் கெணறு இருக்கு. கேரல் பாடுற பார்ட்டி தெருமுக்குக்கு வந்துட்டாங்க, சட்டைய மாத்துங்க.”

“நெசமாத்தான்டா!”

தேனிக் கிணற்றுக்கும் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார். வேறு சொல் தேடினார், கிடைக்கவில்லை. டிரம் சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. ஓடிப்போய் இரண்டு கையையும் அகல விரித்து வழியை மறித்தார்.

“ஏய், வாத்தியாரு ஆட ஆரம்பிச்சுட்டாருப்பா! நல்லா அடிங்கடா!”

கேரல் பாட வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் குதித்தார்கள். தரை அதிர்ந்தது. கையை இறக்காமல் அவர் தலையை மட்டும் திருப்பினார். காகித மலை உச்சியில் இருந்த மண் ஒட்டகம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு நெல்லளவு, விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.