லைனிங் துணி சுற்றிய வயர்

புதிதாக வாங்கிய இஸ்திரிப் பெட்டியின் மேல் தையல்காரருக்குத் தீராத கடுப்பு. ஒரு காலரைப் படிய வைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"வித்தவன் நம்ம தலையில நல்லா மிளகா அரைச்சுட்டான். பெட்டி சூடே ஏறல" என்று பொருமினார்.

"நேத்துவரைக்கும் பழைய பெட்டியையும் இதேதான் சொன்னீங்க" என்றாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி.

மேசைக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலின் மேல் அவர்களுடைய இரண்டு வயது மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை மெத்தை போட்டாலும் மகாராணிக்கு அந்த இடம்தான் வேண்டும்.

பெட்டிமேல் குற்றத்தை நிரூபித்தே தீருவதென்று, பக்கத்தில் மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மச்சானை மீட்டரோடு இழுத்து வந்தார். மச்சான் பெட்டியை ஓடவிட்டு அளந்து சொல்லச் சொல்ல, தையல்காரர் மேசைமேல் சாக்கட்டியால் எழுதினார்.

"சுவத்து ப்ளக்குல இருநூத்தி முப்பது வோல்ட். நீங்க இழுத்திருக்கிற எக்ஸ்டென்ஷன் வயர் முனையில இருநூத்திப் பதினெட்டு. கரண்ட் ஆறு ஆம்பியர்."

"பன்னெண்டு வோல்ட் குறையுதே. அது எங்க போச்சு?"

"வர்ற வழியிலதான் மாமா. பன்னெண்டை ஆறால வகுங்க."

"ரெண்டு."

"ரெண்டு ஓம் தடை. இத்துனூண்டு வயருக்கு அவ்ளோ இருக்கக் கூடாது. நடுவுல எங்கயாவது ஒட்டுப் போட்டிருக்கீங்களா?"

தையல்காரரின் முகம் சிறுத்தது. வயர் எட்டவில்லையென்று போட்டவர் அவரேதான். ரெண்டு வயரை முறுக்க ஓர் ஆளா என்ற வீம்பில், முறுக்கி, நூல் கட்டி, மேலே லைனிங் துணியைச் சுற்றித் தைத்தும் வைத்திருந்தார். பார்வைக்கு அம்சமாகத்தான் இருந்தது.

"இப்ப அதே பன்னெண்டை ஆறால பெருக்குங்க" என்றான் மச்சான்.

"எழுபத்திரெண்டு."

"எழுபத்திரெண்டு வாட் அந்த ஒட்டுலயே சூடா இறங்குது. பழைய குண்டு பல்பு ஒண்ணைப் பொத்தி வச்சு எரியவிட்ட மாதிரி."

சாக்கட்டி கீழே விழுந்தது. அந்த ஒட்டு கிடந்தது துணிக் குவியலுக்குள். அதன்மேல்தான் குழந்தை.

மனைவி பாய்ந்து மகளை வாரி எடுத்தாள். மச்சான் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வயரை வெளியே இழுத்தான். லைனிங் துணி பழுத்துக் கருகத் தொடங்கியிருந்தது. நூல் தொட்டதும் உதிர்ந்தது. தூக்கம் கலைந்த குழந்தை அப்பாவைப் பார்த்துச் சிணுங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் மச்சான் ஒட்டில்லாத புது வயர் இழுத்து, மேசைக்குப் பக்கத்திலேயே ப்ளக் வைத்துக் கொடுத்தான். பழிசுமந்த இஸ்திரிப் பெட்டி காலரைக் கத்தி முனையாகப் படியவைத்தது.

மறுநாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், மேசைமேல் அழிக்காமல் விட்டிருந்த கணக்கைப் பார்த்து விசாரித்தார். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஒரு ப்ளக் லேசா சுடும். பழகிப் போச்சு."

தையல்காரர் நாடாவைச் சுருட்டி வைத்தார்.

"சட்டை நாளைக்குத் தைக்கலாம். முதல்ல போயி அந்த ப்ளக்கை நிறுத்திட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்க. அரை இஞ்ச் தப்பினா சட்டையைப் பிரிச்சுத் தைக்கலாம் சார். கரண்டைக் குத்துமதிப்பா விட்டா, பிரிச்சுத் தைக்க ஒண்ணும் மிஞ்சாது."