தக்காளியிடம் முடியாது என்று சொன்னவர்

வசந்தம் வந்துவிட்டதை எங்கள் தெருவுக்கு அறிவிப்பது பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சரின் தும்மல்தான் என்று தெருக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். மரங்கள் மகரந்தத்தைப் பறக்கவிட்டதும் ஆரம்பித்துவிடுவார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தும்மலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அளந்து வைத்தது போல இடைவெளி இருக்கும். இந்த வருடம் முதல் தும்மல் கேட்டதும் நான் செருப்புக்கூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினேன்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போடுகிற அளவுக்கு மண், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பெரிய விஷயம். இதுவரை நாங்கள் குடியிருந்ததெல்லாம் மாடி வீடுகள். நான் வேலை பார்ப்பது பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்கப் பல் குடைகிற சத்தமும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற முகங்களும்தான். சொந்தமாகக் கொஞ்சம் மண் கிடைத்தால் போதும், கையை உள்ளே விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று பல வருட ஆசை. குளிர் ஆரம்பிக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தோம். குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி வழியாக அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். யார் என்ன கேட்டாலும் "சரி" என்பார். ரோட்டில் யாராவது கை காட்டினால் நிறுத்துவார், கையைச் சொறிந்தாலும் நிறுத்துவார். அவர் பஸ் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நிர்வாகம் அவரை ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தது.

பயிற்சி முடிந்து ஒரு சான்றிதழும் ஒரு தக்காளி விதைப் பொட்டலமும் கொண்டுவந்தார். "இது வளர வளர நாமும் வளரணுமாம்" என்றார். பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒவ்வொரு பொட்டலம் கொடுத்தாராம். இவர் மட்டும் பக்கத்தில் இருந்தவர்கள் வேண்டாம் என்று நீட்டியதையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆக, ஒரு சான்றிதழ், ஒரு பை நிறைய விதை.

அத்தனையையும் விதைத்தார். அத்தனையும் முளைத்தன. பொட்டலத்தின் பின்பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: நன்றாக வந்த நாற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். இவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "எல்லாமே நல்லாத்தானே வந்திருக்கு" என்றார். ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைத்தார். டம்ளர்கள் தீர்ந்தன, காபிக் கோப்பைகள் தீர்ந்தன, சோப்பு டப்பா தீர்ந்தது. ஒருநாள் காலையில் மழைக்கால பூட்ஸுக்குள் காலை விட்டேன், உள்ளே ஒரு தக்காளிக் குடும்பம் இருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்கள் மேசைமேல் படுத்துக் கிடந்தன, அவற்றின் டம்ளரில் நாற்று நின்றது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் போன் செய்தான்.

என் அண்ணன் தங்கமானவன். அவனிடம் இருக்கிற ஒரே கோளாறு, அவன் வாங்குகிற பொருளெல்லாம் எங்கள் வீட்டில் இருக்கும். "ரெண்டு வாரம்தான் பாப்பா" என்று சொல்லி ஓட்டப் பயிற்சி இயந்திரம் ஒன்றை இறக்கிவிட்டுப் போனான். வீடு மாறும்போது அதையும் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது அதன்மேல் துணி காய்கிறது. அப்புறம் மீன் இல்லாத மீன் தொட்டி. இந்த முறை அவன் வாங்கியிருந்தது ஐஸ்கிரீம் விற்கிற பழைய வேன். ஓடாது. "ரெண்டு வாரம் உங்க தோட்டத்துல நிறுத்திக்கிறேன், ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்" என்றிருக்கிறான். போனை எடுத்தது என் வீட்டுக்காரர். அப்புறம் என்ன, "சரி மச்சான்."

கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "அது என் மண்ணுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அதுமேல வேனை ஏத்தினா அப்புறம் அதுல என்ன முளைக்கும்?"

அவர் திருட்டு முழி முழித்தார். "உன் அண்ணன்தானே. நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"நான் எப்படிச் சொல்றது? கூடப்பிறந்தவன். மனசு சங்கடப்படுவான். சரின்னது நீங்க, முடியாதுன்னும் நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு அது வராதே."

"வரவைக்கிறேன்" என்றேன்.

அன்றைக்கே பயிற்சி ஆரம்பமானது. அவரைத் தோட்டத்தில் உட்காரவைத்து, முன்னால் நாற்றுகளை வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும், "முடியாது" என்று சொல்ல வேண்டும், பிடுங்க வேண்டும். பார்க்கலாம், யோசிக்கலாம், அடுத்த மாதம் பேசலாம் என்ற சமாளிப்பெல்லாம் செல்லாது.

முதல் நாற்றை இரண்டு விரலால் பிடித்தார். அதற்குத் தொண்டையைக் கனைத்துக் காட்டினார். "மன்னிச்சுக்கோ, எனக்கும் இஷ்டம் இல்ல, வீட்டுல சொல்றாங்க" என்றார்.

"என் பேரை ஏங்க இழுக்குறீங்க?"

"முடியாதுன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்குமே."

சரி, பழக்கத்துக்கு நானே நாற்றாக நடிக்கிறேன் என்று எதிரே குந்தி உட்கார்ந்தேன். என் அண்ணன் குரலில் கேட்டேன்: "மாப்ள, ரெண்டு வாரம்தான், இங்கயே இருந்துக்கிறேனே?"

"சரி மச்சான்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் எனக்குக் கோபம் வந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாம் நாள் "முடியாது" என்பதில் பாதி வந்தது. மூன்றாம் நாள் முழுசாக வந்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. அதற்கு அடுத்த நாள் ஆள் சூடுபிடித்துவிட்டார். நான் சமையலறையில் இருக்கிறேன், வேலிப் பக்கம் அவர் குரல் கணீரென்று கேட்கிறது: "முடியாது. எத்தனை பேரைத்தான் நான் வெச்சுக் காப்பாத்துறது? எனக்கு ஒருத்தி போதும். நீ போயிடு." வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல் பாதியில் நின்றது. சாயங்காலம் கணக்கு டீச்சர் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லும்மா" என்றார். தக்காளி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தேன், நல்ல மழை. கையில் எரு மூட்டை, குடை இல்லை. அவருடைய பஸ் வந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ். கையை ஆட்டினேன், மூட்டையையும் சேர்த்து ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது.

நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்து கேட்டேன்: "என்னைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"அங்க ஸ்டாப் கிடையாது" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்றைக்குப் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம், டிப்போவில் கைதட்டினார்களாம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த எருவை அவர் தலையிலேயே கொட்டலாம் போலவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தயார் என்று நினைத்துக்கொண்டு தலையைத் துவட்டினேன்.

ஞாயிறு காலை வேன் வருவதற்கு முன்னால் அதன் பாட்டு வந்தது. ஐஸ்கிரீம் விற்க வருகிறபோது போடுவார்களே, அந்த டிங் டிங் பாட்டு. எங்கேயோ ஒயர் கோளாறாம், நிறுத்த முடியவில்லை. என்ஜின் செத்துவிட்டது, பாட்டுக்கு மட்டும் உயிர் இருந்தது. இழுத்து வந்த வண்டிக்காரர் அதை வாசலில் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளி, கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவந்துவிட்டான். முன்சக்கரம் என் மண்ணின் விளிம்பில் வந்து நின்றது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"எப்படி இருக்கு பாப்பா? ராணி மாதிரி இல்ல?"

நான் என் வீட்டுக்காரரை இடித்தேன். அவர் ஒரு அடி முன்னால் போனார், மார்பை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார். பிறகு திரும்பி என்னிடம் வந்தார்.

"சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"முடியாது" என்றார்.

"என்கிட்ட இல்லங்க, அவன்கிட்ட."

"உன்கிட்டதான் சொல்றேன். முடியாது. உன் மண்ணு, உன் அண்ணன். நான் சொன்னா, மாப்ள சொன்னாருன்னு இருக்கும். நீ சொன்னாத்தான் அவருக்குப் புரியும்."

நிறுத்தமில்லாத இடத்தில் நிற்காமல் போனாரே, அதே முகம். அந்த வாரம் முழுக்க நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த "முடியாது", ஒரு குறையும் இல்லாமல் என் மேலேயே வந்து விழுந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் அண்ணனிடம் போனேன். "அண்ணா" என்றேன். அவன் திரும்பினான். "டீ குடிக்கிறியா?"

"அப்புறம் குடிக்கலாம். முதல்ல இந்த மண்ணைக் கொஞ்சம் மிதிச்சு அமுக்கிவிட்டா, வண்டி ஆடாம நிக்கும்" என்று ஒரு காலைத் தூக்கினான்.

அவன் காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் என்னைத் துரத்திய நாயை மறித்து அவன் வாங்கிய கடி. அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவன் எதிரில் நிற்கும்போதெல்லாம் எனக்குத்தான் அது முதலில் கண்ணில் படும். ஓட்டப் பயிற்சி இயந்திரத்துக்கும் மீன் தொட்டிக்கும் இடம் கொடுத்தது அந்தத் தழும்புதான்.

"முடியாதுண்ணா" என்றேன்.

குரல் எலிக்குஞ்சு போல வந்தது. பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றான். திரும்பக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "முடியாதுண்ணா. இங்க வேன் நிறுத்த முடியாது. இது என் இடம். நான் செடி வைக்கப் போறேன்."

தூக்கிய காலை அவன் கீழே வைக்கவில்லை. முதலில் சிரித்தான், விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ரெண்டு வாரம்தானே பாப்பா?"

"ரெண்டு நாள்கூட முடியாது."

"அப்ப இதை நான் எங்க கொண்டுபோய் விடுறது?"

மருத்துவமனைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்கிறேன் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. டிப்போவில் பேசிப் பார்க்கச் சொல்கிறேன் என்பதும் வந்தது. அவன் எங்கே, எப்படி என்று கேட்கிற எல்லாவற்றுக்கும் இத்தனை வருடமாக நான்தான் பதில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவன் இனி என்னோடு பேசவே மாட்டான் என்று பயமாக இருந்தது.

"தெரியலண்ணா" என்றேன்.

டிங் டிங் என்று பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் காலைப் பின்னால் எடுத்து, மண்ணுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்தான். யாருக்கோ போன் போட்டான், அங்கே என்ன சொன்னார்களோ, இன்னொருவருக்குப் போட்டான். நாலாவது ஆள் சரி என்றார் போல. கொஞ்ச நேரத்தில் வேறொரு வண்டி வந்து வேனைக் கட்டி இழுத்துப் போனது. பாட்டு தெருமுனை திரும்பி, அடுத்த தெருவிலும் கேட்டது. அண்ணன் அந்த வண்டியில் ஏறவில்லை. கேட் அருகிலேயே நின்றான்.

"டீ கேட்டியே, அதாவது உண்டா, அதுவும் முடியாதா?" என்றான்.

ஓடிப்போய்ப் போட்டேன். அவசரத்தில் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன். நாற்றைப் பிடுங்கிக் காலியான ஒரு கோப்பையைக் கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் படியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் குடித்தான். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னான்:

"நீ ரொம்ப மாறிட்ட பாப்பா. மாப்ளயப் பாத்துக் கத்துக்கோ. என்னைக்காவது ஒருநாள் அவர் வாயில முடியாதுன்னு ஒரு வார்த்தை வந்திருக்கா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வந்ததில்ல மச்சான்" என்று பணிவாகத் தலையாட்டினார்.

அண்ணன் காலிக் கோப்பையை நீட்டினான். வாங்கிக்கொண்டு உள்ளே போய், இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.