வெயில் பட்ட பாட்டில்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆய்வகக்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் அக்கா, அக்காவின் புருஷன். அக்காவின் சிறுநீரில், அந்த வயிற்றுவலியைக் கொண்டுவரும் நோயின் நிறமி மிகுந்திருந்தால், அது மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் பிரிந்து, லேசர் பட்டதும் ஒளிரும். திரையில் கோடு எழும்பும். கோடு செத்துக் கிடந்தது.

“பாத்தியா? வயித்துவலி எல்லாம் நடிப்பு,” என்றார் அக்காவின் புருஷன்.

“மாமா, பாட்டிலை எப்படிக் கொண்டுவந்தீங்க?”

“வண்டி முன்னாடி வச்சுத்தான்.”

“இந்த வெயில்லயா? வெளிச்சம் பட்டா நிறமி அழிஞ்சிடும். கறுப்புத்தாள் சுத்தச் சொன்னேனே!”

“மூத்திரத்துக்கு முக்காடு வேறயா?”

அவள் கறுப்புத்தாள் சுற்றிய புதுப் பாட்டிலை அக்காவிடம் நீட்டினாள்.

“இது நோயாவே இருக்கணும்டி, அப்பவாவது நடிப்பில்லன்னு தெரியும்,” என்றாள் அக்கா.

“போதும், வீட்டுக்குக் கிளம்பு,” என்று அவர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். ஆய்வகக்காரி அந்தப் பிடியை விடுவித்து, அவரை மட்டும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.