காதில் விழாதவரை

அழகுமலை ஊதியது ஒத்து. நாகசுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற குழல். விரலுக்கு வேலை கிடையாது. மூச்சை மூக்கால் இழுத்துக் கன்னத்தில் தேக்கி, வாய்க்காற்று அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுந்தால்தான் அப்படி ஒருவன் அங்கே இருப்பது சபைக்குத் தெரியும்.

கறம்பக்குடியில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை நக்கி நக்கிக் காட்டினார். பார்த்தால் எச்சில் ஊறும், ஊறினால் ஊதல் கெடும்.

"ஏப்பா, ஒரே சத்தத்தைக் கத்துறதுக்கு ஒனக்கும் முழு எலையா?"

"அரை எலை போடுங்க மாமா. பாட்டே வரலையே ஆளுக்கு" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அழகுமலை பார்வையை அவர்கள் தலைக்கு மேலே தூக்கினான். பந்தல் வாசலில் ஆத்மநாதன் நின்றான்.

மனைவி சொர்ணவல்லியின் தம்பி. முழங்கால்வரை புழுதி. பந்தலுக்குள் வராமல் வெயிலில் நின்றான்.

சொர்ணவல்லிக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். விடியுமுன் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்" என்றதற்குக் கண்ணை மட்டும் திறந்தாள். பிள்ளையில்லாத வீடு. மச்சினனைத்தான் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு வந்தான். பக்கத்தில் இருக்க வேண்டியவன் ஐந்து மைல் நடந்து வந்து இங்கே நிற்கிறான்.

சாவுச் சேதி காதில் விழுந்த நிமிஷத்திலிருந்துதான் தீட்டு. விழுந்துவிட்டால் மங்கல வாத்தியத்தைத் தொடக் கூடாது. தாலிக்கு முன்னால் மேளக்காரன் எழுந்து போனால், அந்தக் கல்யாணத்தின் கெட்டதெல்லாம் நாகசுரக்காரர் சிவசாமி அண்ணன் மேளத்தின் தலையில்தான் விடியும். அப்புறம் அந்த வட்டாரத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். காதில் விழாதவரை ஒன்றும் நடக்கவில்லை. சொர்ணவல்லி பாயில் படுத்திருக்கிறாள்.

அழகுமலை பார்வையை இறக்கி எலுமிச்சம்பழத்திலேயே வைத்தான். எச்சில் ஊறியது. விழுங்கினான். தொண்டையில் வேறொன்றும் ஏறி வந்தது, அதையும் விழுங்கினான். அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். மூக்கு அடைத்தால் ஒத்து நின்றுபோகும்.

வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றுவதற்காகச் சிவசாமி நாகசுரத்தை இறக்கினார். தவிலும் ஓய்ந்தது. ஒத்து மட்டும் போய்க்கொண்டிருக்க, வாசல் பேச்சு கேட்டது.

"யாருப்பா நீ? என்ன சேதி?"

அழகுமலைக்குக் காது அடைத்தது. இன்னும் அழுத்தி ஊதினான்.

"ஒண்ணுமில்லங்க. மச்சானைப் பாக்கலாம்னு வந்தேங்க."

"பாத்துட்டேல்ல. அங்கிட்டு என்ன நிக்கிற? உள்ள வந்து ஒக்காரு."

"இருக்கட்டுங்க."

அவனுக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

ஐயர் கையை ஆட்டினார். கெட்டிமேளம். தாலி ஏறுகிற நேரத்தில் கெட்ட சொல் எவர் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடி. கொஞ்ச நேரம் அழகுமலைக்கு நிம்மதியாக இருந்தது.

தாலி ஏறியது. சனம் பந்திக்கு எழுந்தது. சிவசாமி வாசித்து முடித்து நாகசுரத்தை மடியில் போட்டார். தவில்காரன் விரல் கூடுகளைக் கழற்றினான். ஒத்து நிற்கவில்லை.

"போதும்டா" என்றார் சிவசாமி.

ஊதினான்.

"கிராமபோன் சாவி இன்னும் தீரலை போல!" எலுமிச்சம்பழக்காரர் சொல்ல, எழுந்துபோனவர்கள் திரும்பிச் சிரித்தார்கள். அத்தனை பேரும் அவனைப் பார்த்தது அப்போதுதான்.

சிவசாமி வாசலைப் பார்த்தார். பிறகு அழகுமலை முகத்தை. நாகசுரத்தை மறுபடி எடுத்து உதட்டில் வைத்து, ஆளில்லாத பந்தலில் ஏதோ ஒன்றை மெதுவாக வாசித்தார். ஒத்துக்கு மேலே அது கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் அவரும் இறக்கிவிட்டார்.

"எம்புட்டு நேரம்டா ஊதுவ? போ."

ஒத்து நின்றது.

பந்தலைத் தாண்டும்வரை ஆத்மநாதன் வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் அழகுமலையே கேட்டான்.

"சொல்லு."

"நீங்க கெளம்பின கொஞ்ச நேரத்துலயே, மச்சான். தண்ணி கேட்டுச்சு. மொண்டுட்டு வாரதுக்குள்ள..."

அழகுமலை உதடு இறுகி நின்றது. கன்னம் ஒருமுறை உப்பி அமுங்கியது. காற்று மூக்கால்தான் போய் வந்தது. அழுவதற்கு வாயைத் திறக்க வேண்டும். அதற்கு அவனுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது.