அப்பா சொன்னது

அக்கா அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது தம்பி கேமராவோடு வந்து நின்றான். அடக்கம் முடிந்து வந்தவன் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

“நேத்து அப்பா உன்கிட்ட பேசினது பதிவாகலக்கா.”

கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடவில்லையென்று நினைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறான், நின்றுவிட்டது. அப்பா வாய் திறக்காமல் கிடந்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. வாய் திறந்தது மட்டும் இல்லை.

மூன்று வருடமாகப் படம் எடுக்கிறான். அம்மாவின் ஒரே போட்டோவைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, முகம் ஊறிக் கரைவதை எடுத்தான். காலி நாற்காலியை நாள் முழுக்க எடுத்தான். கல்யாண வீடியோ எடுத்தாலாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்று சித்தப்பா கிண்டலடித்தார். அப்பாவிடம் அவன் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: அம்மாவை ஏன் வீட்டை விட்டுத் துரத்தினீர்கள்? அப்பா ஒவ்வொரு தடவையும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நேற்று சாயங்காலம்தான் அக்காவிடம், அவனை வெளியே போகச் சொல்லு, உன்னிடம் பேச வேண்டும் என்றார். அவன் பொத்தானை அழுத்தி, கேமராவைக் கட்டிலைப் பார்க்க வைத்துவிட்டு வெளியே போனான். விடியும்போது அப்பா இல்லை.

“அப்பா சொன்னதை நீயே சொல்லிடுக்கா. அது போதும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. இந்த வீட்டில் ஒரு வாரமாக அவள் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. அப்பா அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் படமும் முடியும், இவனும் தூங்குவான். சொல்லிவிடலாம் என்றுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பொத்தானை அழுத்தினான். குனிந்து பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

“அப்பா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலடா. என்னைத்தான் கேட்டாரு. ‘நான் என்னம்மா சொன்னா அவன் மனசு ஆறும்’னு.”

தம்பி கேமராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுத்தான்.

“நீ என்ன சொன்ன?”

அவள் மடியிலிருந்த விரிப்பை மடித்தாள். ஓரம் ஒத்து வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

“அசதியா இருக்குப்பா, காலைல பேசிக்கலாம்னேன்.”

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.